அப்பா பெயரில் கார், ஸ்டீயரிங்கில் மகன்: யாருக்கு இருக்கிறது காப்பீடு?

கல்லூரியில் சேர்ந்ததும் மகனோ மகளோ டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே வீட்டுக் காரை எடுக்கிறார்கள். ஆர்.சி. புக்கும் இன்சூரன்ஸும் அப்பா பெயரிலேயே இருக்கும். "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கோம், யார் ஓட்டினா என்ன?" என்ற நம்பிக்கை நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. அதில் முக்கால்வாசி சரிதான். மீதிக் கால்வாசியில்தான் ஓட்டுகிற பிள்ளையின் உயிர் இருக்கிறது.

சரியான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள், மகன் பெயரைப் பாலிசியில் சேர்த்ததும் பிரீமியம் எகிறிவிட்டதாகச் சொல்வார்கள். நம் நாட்டு நடைமுறை வேறு. இங்கே காப்பீடு வண்டியைச் சார்ந்தது. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசு எஞ்சின் அளவை வைத்தே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஓட்டுபவருக்கு இருபது வயதா அறுபது வயதா என்பது அந்தக் கணக்கில் வராது. உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும் என்று அதன் டிரைவர் நிபந்தனையே சொல்கிறது. ஆகவே மகன் ஓட்டும்போது ஒருவர் மீது கார் மோதிவிட்டால், அவருக்கான இழப்பீட்டை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். முழுக் காப்பீடு இருந்தால் காரைச் சரிசெய்யும் செலவும் கிடைக்கும். "ஓட்டியது நீங்கள் இல்லையே" என்று மட்டும் காரணம் காட்டி யாராவது கிளைமை மறுத்தால், அது தவறு.

அந்தப் பாலிசியில் "ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு" என்று ஒரு வரி இருக்கும். 15 லட்சம் ரூபாய். வீட்டில் யார் ஓட்டினாலும் இந்தப் பணம் வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வராது. ஓட்டியவரே பதிவு உரிமையாளராகவும், பாலிசி அவர் பெயரிலும், லைசென்ஸ் அவரிடமும் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மகன் தனியாக ஓட்டிப்போய் மரத்தில் மோதி இறந்தால், அப்பாவின் 15 லட்சம் மகனுக்கானது அல்ல.

சரி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்றால், அங்கேயும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நிங்கம்மா வழக்கில் சொன்னது. 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. அந்த வழக்கில், இரவல் பைக்கை ஓட்டி இறந்தவரின் குடும்பத்துக்கு, பாலிசி ஒப்பந்தத்தில் உரிமையாளருக்கு என்று இருந்த விபத்துக் காப்பான 1 லட்சம் ரூபாய் மட்டும் வட்டியோடு கிடைத்தது. இதே நிலையில் உள்ள குடும்பங்கள் வழக்கறிஞரிடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும். எதிரே வந்த வண்டியின் தவறால் விபத்து நடந்திருந்தால் நிலைமை வேறு. அந்த வண்டியின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முழு இழப்பீடு கேட்கும் உரிமை நம் பிள்ளைக்கு உண்டு. தன் தவறால் தானே அடிபட்டுக்கொண்ட பிள்ளைக்குத்தான் நாதியில்லை.

இதற்குப் பரிகாரம் விலை குறைவானதுதான். பாலிசியைப் புதுப்பிக்கும்போது, குடும்பத்தில் ஓட்டும் மற்றவர்களின் பெயரைக் குறிப்பிட்டுத் தனிநபர் விபத்துக் காப்பைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அதைவிட நல்லது, மகன் அல்லது மகள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துவிடுவது. அது எந்த வண்டியில் போனாலும் கூடவே வரும். ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று போனில் சொல்வதை நம்ப வேண்டாம். "என் மகன் ஓட்டும்போது அவனுக்கே அடிபட்டால் எவ்வளவு கிடைக்கும்?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட வரும் நண்பர்கள் விஷயமும் இருக்கிறது. இளைஞர்கள் தனியாகக் கார் எடுப்பது அரிது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆரிலோ ஏற்காடு மலையிலோ போவார்கள். காருக்கு வெறும் தேர்டு பார்ட்டி காப்பீடு மட்டும் இருந்தால், உள்ளே உட்கார்ந்து வரும் நண்பர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. முழுக் காப்பீடாக இருந்தால் உண்டு. 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. பழைய காருக்கு எதற்கு முழுக் காப்பீடு என்று சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கும் குடும்பம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கான இழப்பீட்டைத் தன் சொத்திலிருந்து கொடுக்க வேண்டிவரலாம்.

புதுக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டுத் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. பலருக்கு வண்டிச் சேதத்துக்கான பகுதி ஒரே ஆண்டில் முடிந்துவிடும். "மூணு வருஷத்துக்குப் போட்டாச்சு" என்று இருந்துவிடாமல் தேதியைப் பாருங்கள்.

காப்பீடு கையை விட்டுப் போகும் இடங்கள் சில. முதலாவது வயது. 18 நிறையாத பிள்ளையிடம் கார் சாவியைக் கொடுப்பது 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதத்துக்குப் பதிவு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அடிபட்ட வெளியாளுக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடும். லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகைக்கு வீடும் நிலமும் ஜப்திக்கு வரக்கூடும். "எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப் போய்விட்டான்" என்பதும் எடுபடுவதில்லை. வீட்டுக்கு வந்த உறவுக்காரச் சிறுவன் பைக்கை எடுத்துப்போய் விபத்து நடந்த வழக்கில், வண்டி தவறாகப் பயன்படாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டலாம், பாலிசியும் செல்லும். ஆனால் லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். தெருமுனை வரைதானே என்று தனியாக அனுப்பினால் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதற்குச் சமம். குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கான கிளைம் போய்விடும். 2007இல் தில்லி இந்தியா கேட் அருகே நொறுங்கிய போர்ஷே கார் வழக்கில், மூச்சுப் பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் மற்றச் சான்றுகளை வைத்து நிறுவனம் மறுக்கலாம் என்று 2021இல் தீர்ப்பானது.

விபத்து நடந்ததும் பல வீடுகளில் முதலில் எழும் யோசனை ஆளை மாற்றிச் சொல்வது. மகனிடம் லைசென்ஸ் இல்லை, "நான்தான் ஓட்டினேன்" என்று அப்பா சொல்லிவிடுவார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். காப்பியில் ஓட்டியது யார் என்று பதிவாகியிருக்கும். தெருவெங்கும் கேமரா இருக்கிறது. செல்போன் எங்கே இருந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். பொய் வெளிப்பட்டால் நியாயமான கிளைமும் சேர்ந்து போகும், பொய் வாக்குமூலத்துக்குத் தனி வழக்கும் வரும். இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேருங்கள், போலீசுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்லுங்கள், சர்வேயர் பார்க்கும் முன் வண்டியை ரிப்பேருக்கு விடாதீர்கள்.

அப்பா இறந்த பிறகும் அவர் பெயரிலேயே ஓடும் கார்கள் ஊருக்கு ஊர் உண்டு. பாலிசிதாரர் இறந்தால் மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான் காப்பீடு நீடிக்கும். அதற்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றி, பாலிசியையும் மாற்றிவிட வேண்டும். இப்படி வாரிசாக வரும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அப்பா சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸும் வந்துசேரும், கேட்டு வாங்குங்கள்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்பார். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பவர்கள் மட்டும் ஆறு மாதத்துக்குள் போய்விடுவது நல்லது.

2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன, இறந்தவர்கள் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இப்படிப்பட்ட சாலைகளில் ஓட்டும் பிள்ளைகளை, ஆர்.சி. புக்கில் பெயர் இல்லை என்பதற்காகக் காப்பீடு கைவிடுவது நியாயமில்லை. 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பை, லைசென்ஸ் உள்ள மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் அதே பாலிசியில் விரிவாக்க ஒழுங்குமுறை ஆணையம் முன்வர வேண்டும். அது நடக்கும்வரை, உங்கள் வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிநபர் விபத்துப் பாலிசியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.