கணினி ஓடுகிறது, பாதுகாப்பாக ஓடுகிறதா?

"வீட்டுக் கணினி நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது? அதன் இயங்குதளத்தை எதற்காக மாற்ற வேண்டும்?"

கணினி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கூடவே எழும் கேள்வி இது. இதில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கென்று காசு சேர்த்து வாங்கிய கணினி அது. அப்பா அதில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். அம்மா ஆலயத்தின் வரவு செலவை அதில்தான் எழுதி வைக்கிறார். மாற்றினால் உள்ளே இருப்பது போய்விடுமோ என்று ஓர் அச்சம். மாற்றாவிட்டால் ஆபத்து வருமோ என்று இன்னோர் அச்சம். இரண்டுக்குமே காரணம் உண்டு என்பதால் இவ்விஷயத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

கணினியின் எல்லா வேலைகளையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். பல கோடி வரிகள் கொண்ட அம்மென்பொருளில் பிழைகள் இருந்தே தீரும். அப்பிழைகளில் சில, திருடன் நுழையக்கூடிய ஓட்டைகள். ஓட்டை தெரியவரும்போது தயாரித்த நிறுவனம் அதை அடைக்கும் திருத்தத்தை இணையம் வழி அனுப்புகிறது. இந்தச் சேவைக்குத்தான் 'ஆதரவு' என்று பெயர்.

ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஒரு நாள் முடிகிறது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது.

மறுநாள் காலையில் கணினி நின்றுவிடவில்லை. முன்பு போலவே ஓடியது. குழப்பம் இங்குதான் தொடங்குகிறது. அந்நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள், கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதியாத கணினிகளில் அடைக்கப்படாமலேயே கிடக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது வாசலில் நிற்கும் காவலாளி போன்றது. சுவரில் இருக்கும் ஓட்டையை அவரால் அடைக்க முடியாது.

2017 தந்த பாடம்

2017 மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையைச் சேர்ந்த 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தள்ளிப்போயின.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அம்மருத்துவ அமைப்புகளில் பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7-இல் ஓடியவை. வந்த திருத்தத்தை நிறுவாமல் விட்டதே கேடாக முடிந்தது. ஆகவே, புதிய பதிப்பு வாங்கியதோடு கடமை முடிந்துவிடாது. "பிறகு பார்க்கலாம்" என்று புதுப்பிப்பு அறிவிப்பைத் தினமும் மூடுகிறவருக்குப் புதிய இயங்குதளமும் துணை செய்யாது.

எந்த வழி யாருக்கு?

முதலில், கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு 64 பிட் செயலி, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு வசதி ஆகியவை தேவை. இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' மென்பொருள் இதைச் சோதித்துச் சொல்லிவிடும். சில கணினிகளில் டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். "தகுதி இல்லை" என்று வந்தவுடன் புதிய கணினி வாங்கக் கடைக்கு ஓடாமல், இதைத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

தகுதி இருந்தால் முடிவு எளிது. முறையான விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு இந்த மேம்பாடு இலவசம். பிடிக்காவிட்டால் பத்து நாள்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பும் வசதியும் உண்டு.

தகுதி இல்லையென்றால் மூன்று வழிகள் உள்ளன. வீட்டுப் பயனருக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13-ஐ முடிவு நாளாக வைத்து அறிவித்தது. இது தற்காலிகத் தீர்வுதான். அடுத்தது, லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள். இணையம், மின்னஞ்சல், கடிதம் எழுதுவது ஆகியவற்றுக்கு இவை போதும். ஆனால் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் வைத்திருப்பவருக்குச் சிக்கல் வரலாம். கடைசி வழி புதிய கணினி. அதற்குக் கையில் பணம் வரும்வரை, பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்துத் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலையை மட்டும் அதில் செய்யக்கூடாது.

தமிழ்க் கோப்புகளுக்குத் தனிக் கவனம்

தமிழர் வீடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தம் குறியீட்டு முறையில் இயங்கின. அக்காலத்தில் தட்டச்சிட்ட சங்க அறிக்கைகளும் பள்ளிக் கேள்வித்தாள்களும் கவிதைகளும் இன்றும் பல கணினிகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால், எழுதியவராலேயே படிக்க முடியாத குறிகள்தாம் தெரியும். கோப்பு அழியவில்லை, படிக்கும் திறவுகோல்தான் இல்லை.

ஆகவே, கோப்புகளை நகலெடுக்கும்போது அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். பழைய கணினி ஓடும்போதே முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. குறைந்தபட்சம் பிடிஎஃப் ஆகவாவது சேமித்து வைக்கலாம். படிக்கவும் அச்சிடவும் அது உதவும்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

1. கோப்புகள், படங்கள் அனைத்தையும் வெளி வன்தட்டில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.

2. கடவுச்சொற்களையும் மென்பொருள்களின் உரிம எண்களையும் தாளில் எழுதி வைக்க வேண்டும்.

3. அச்சுப்பொறியும் கணக்கு மென்பொருளும் புதிய பதிப்பில் இயங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. தேர்வு நேரத்திலும் ஆண்டுக்கூட்டத்துக்கு முதல் நாளிலும் மாற்ற வேண்டாம். பள்ளி விடுமுறையே ஏற்ற காலம்.

புதியது என்பதற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. பழகியது என்பதற்காக ஆபத்தை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டியதில்லை. "இக்கணினிக்கு இன்றும் திருத்தங்கள் வருகின்றனவா?" என்று முதலில் கேட்டுப் பார்த்தால் போதும். வருகிறதென்றால் அவசரம் இல்லை. வரவில்லையென்றால், இந்த வாரக் கடைசியில் நகலெடுக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம்.