நேயர் கையிலிருக்கும் கருவி எது?

இணைய வானொலியின் அந்தரங்கம் – 6

ஒரே சமயத்தில் எத்தனை நேயர்கள் இணைந்திருக்கிறார்கள் என்று கணக்கிடும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்கள் எக்கருவியைக் கொண்டு கேட்கிறார்கள் என்பதை, ஒலியை நேயர்களுக்கு அனுப்பும் ஐஸ்காஸ்ட் சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து இவ்வாரம் ஆராய்வோம்.

ஐபி முகவரி, தேதி, ஸ்ட்ரீமின் பெயர், அனுப்பிய பைட்டுகள், யூசர் ஏஜென்ட், கடைசியாக, கேட்ட விநாடிகள் என்று நீளும் அவ்வரி, நேயர் வந்து சேர்ந்தபோதன்று, அவர் விலகிய பிறகே எழுதப்படுவதாகையால், அதிலுள்ள நேரமும் விலகிய நேரமே ஆகும். கருவியைப் பற்றிய விருத்தாந்தம் முழுவதும் அடங்கியிருப்பது யூசர் ஏஜென்டில்தான். அதுவோ, சத்திரத்துப் பதிவேட்டில் வழிப்போக்கன் எழுதிச் செல்லும் பெயரைப் போல, கேட்கும் மென்பொருள் தானே சொல்லிக்கொள்வது. சர்வர் அதைப் பரிசோதிப்பதில்லை.

விஎல்சி, வின்ஆம்ப் முதலியவை ஒளிவுமறைவின்றித் தம் பெயரைச் சொல்லிவிடும். ஆப்பிள்கோர்மீடியா என்றிருந்தால், பக்கத்து அடைப்புக்குறிக்குள் ஐபோனா மற்றொன்றா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். லாவ்எஃப் என்று கண்டால் சற்று நிதானிக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் நூலகத்தின் அடையாளமாகிய அதற்குப் பின்னால் நேயர் ஒருவர் இருக்கவும் கூடும், ஆளில்லாமல் ஓயாது ஒலியைப் பதிவுசெய்யும் நிரல் இருக்கவும் கூடும்.

மோஸில்லா/5.0 என்னும் பெயரின் கதை விசித்திரமானது. நெட்ஸ்கேப் உலாவி சூட்டிக்கொண்ட அப்பெயருக்கு இணையதளங்கள் தனிச் சலுகை காட்டியதைக் கண்டு, பின்வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதையே தரித்துக்கொள்ள, இன்று ஏறக்குறைய எல்லா உலாவிகளும் அவ்வேஷத்திலேயே வருகின்றன. 2019இல் வெளிவந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடில் உள்ள சஃபாரி சாமானியமாகத் தன்னை மேக் கணினி என்றே சொல்கிறது. 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோமோ, கைப்பேசி எதுவாயினும், 'ஆண்ட்ராய்டு 10; கே' என்ற ஒரே வாசகத்தை ஒப்பிக்கிறது. இதை அறியாமல், நேயர்களில் பெரும்பாலோர் பழைய கைப்பேசிக்காரர்கள் என்று வட்டப்படம் வரைந்து விளம்பரதாரருக்கு அனுப்பும் நிலையத்தாரை என்னென்பது!

பெயரை நம்ப இயலாத இடத்தில் பைட்டுகளும் விநாடிகளும் துணைபுரியும். 128 கிலோபிட் ஸ்ட்ரீம் விநாடிக்கு 16,000 பைட்டு என்பதால், 600 விநாடி கேட்டவரின் வரியில், இணைந்தவுடன் மொத்தமாகத் தள்ளப்படும் அறுபத்து நான்கு கிலோபைட்டு அளவிலான முன்பணம் நீங்கலாக, ஏறத்தாழ 96 லட்சம் பைட்டுகள் இருத்தல் வேண்டும். ஆப்பிள் கருவிகளோ முதலில் சிறு துணுக்கொன்றை மட்டும் கேட்டுச் சோதித்துவிட்டு மறுபடி இணைவதுண்டு. அதனால் ஒரே முகவரியில் ஒரு விநாடிக்கும் குறைந்த வரி ஒன்றும், அது தொடங்கிய தறுவாயிலேயே தொடங்கிய நெடிய வரி ஒன்றும் காணப்பட்டால், அவை இரு நேயர்கள் அல்லர். முந்தியதை நீக்கிவிட்டுக் கணக்கிடுவதே முறை.

சொந்தச் செயலி வைத்திருக்கும் நிலையத்தார், அதன் பெயரையும் பதிப்பெண்ணையும் யூசர் ஏஜென்டில் எழுதுமாறு செய்துகொண்டால், அவ்வளவிற்கேனும் அனுமானம் நீங்கிப் பிரத்தியட்சம் கிட்டும். ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் கைப்பேசி நேயர் பலர் திரண்டு நிற்பதை அடுத்த வாரம் காண்போம்.