எட்டு எழுத்தும் உண்டியலும்

உண்டியலில் காசு அனுப்புவது கள்ளவழி, வங்கியில் அனுப்புவது நாகரிகம் என்றொரு பிரிப்பு எங்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது. மங்கரேயில் எங்கள் தொழிற்சாலையில் சம்பள நாளன்று யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறவரும் சமோவாவுக்கு அனுப்புகிறவரும் தேடுவது ஒன்றைத்தான்: சுவிஃப்ட் குறியீடு. அது என்ன செய்கிறது என்று பார்த்தால் இந்தப் பிரிப்பு அவ்வளவு உறுதியானதல்ல.

சுவிஃப்ட் ஒரு வங்கியல்ல. 1973இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் பெல்ஜியத்தில் அமைத்த கூட்டு நிறுவனம். ரெலெக்ஸுக்குப் பதிலாக 1977இலிருந்து வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டு செல்கிறது. காசு கொண்டு செல்வதில்லை.

குறியீடு அச்செய்திக்கான விலாசம். இலங்கை வங்கியின் குறியீடு: பி.சி.ஈ.வை.எல்.கே.எல்.எக்ஸ். முதல் நான்கு எழுத்தும் வங்கி. அடுத்த இரண்டும் நாடு. கடைசி இரண்டும் இடம். கிளையைக் காட்ட மேலும் மூன்று எழுத்துச் சேர்க்கலாம். எட்டு எழுத்து தலைமையகத்தோடு நின்றுவிடும். கிளையின் பெயரும் கணக்கு இலக்கமும்தான் ஊருக்குக் கூட்டிச் செல்பவை. ஐரோப்பாவில் வழங்கும் ஐபான் இலக்கம் இலங்கையிலும் இல்லை, நியூசிலாந்திலும் இல்லை.

அப்படியானால் காசு எப்படிப் போகிறது? இரு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் இரண்டும் கணக்கு வைத்திருக்கும் மூன்றாவது வங்கி, டொலரென்றால் பெரும்பாலும் நியூயோர்க்கில், ஒன்றின் கணக்கில் கழித்து மற்றதன் கணக்கில் சேர்க்கும். ஒரு தாள்கூடக் கடல் கடப்பதில்லை. உண்டியல்காரரும் இதைத்தானே செய்தார்? இங்கே வாங்கினார், தொலைபேசியில் சொன்னார், அங்கே அவருடைய ஆள் கொடுத்தார், கணக்கைப் பிறகு தீர்த்துக்கொண்டார்கள்.

வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, விலாசப் புத்தகம் யார் கையில் என்பது. 2012இல் ஈரானிய வங்கிகளும் 2022இல் பல ரஷ்ய வங்கிகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்மானத்தால் சுவிஃப்டிலிருந்து துண்டிக்கப்பட்டன. அது நியாயமா என்பது வேறு விவாதம். வெறும் தொழில்நுட்பம் என்று சொல்லப்படுவதற்குள் அரசியல் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

மற்றது பெயர். குறியீடு வங்கியை அடையாளம் காட்டும், மனிதரையல்ல. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் திருடர்கள் சுவிஃப்ட் வழியாக அனுப்பிய கட்டளைகள் முறைப்படியே இருந்தன. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலரோ, பெறும் அமைப்பின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் சந்தேகத்துக்குள்ளாகி மீட்கப்பட்டது.

கள்ளனைப் பிடித்த அதே சந்தேகம் எங்கள் அம்மாமாரின் பெயரிலும் விழுகிறது. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ கந்தோருக்குக் கந்தோர் வேறு. வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்புவதுதான் வழி.

உண்டியலை நான் புனிதப்படுத்தவில்லை. பற்றுச்சீட்டில்லை, காசு போனால் முறையிட இடமுமில்லை. ஆனால் உண்டியல்காரருக்கு அம்மா இன்னார் வீட்டு மனுசி. வங்கிக்கு அவர் ஓர் எழுத்துக்கூட்டல். இரண்டுக்குமிடையே எதை இழந்து எதைப் பெற்றோம் என்பதை இனியாவது பேசுவோம்.