பட்டத்துக்கு முச்சை கட்டுதல்

பட்டத்தின் உடலையும் ஏற்றுபவரின் நூலையும் இணைக்கும் சிறு நூல்களின் தொகுதியை யாழ்ப்பாணத்தில் முச்சை என்பர். பட்டம் எந்தச் சாய்வில் காற்றை எதிர்கொள்கிறது என்பதை முடிவு செய்வது இதுதான். சலாகையை நுணுக்கமாகச் சீவி, தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்டி, நாள்கணக்கில் பாடுபட்டுச் செய்த பட்டமும் முச்சை பிழைத்தால் தரையைத்தான் குத்தும். தொடங்குபவர் வேறெதற்கும் முன் கற்க வேண்டியதும் இதுவே.

தென்மராட்சியின் சாவகச்சேரிப் பக்கத்தில் பட்டத்துக்கு உரிய காலம் வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் அங்கே ஏற்றும் பட்டம் தென்மேற்கே, கடல்நீரேரிப் பக்கமாக நிற்கும். இங்கே இடத்தேர்வு முக்கியம். பனங்கூடலைத் தாண்டி வரும் காற்று குழம்பிச் சுழன்று வரும். அந்தக் குழப்பம் மரத்தின் உயரத்தைப் போல ஏழு முதல் பத்து மடங்கு தூரம் வரை நீடிக்கும். 20 மீட்டர் உயரப் பனைகளுக்குப் பின்னால் ஏறக்குறைய 140 முதல் 200 மீட்டர் வரை எந்த முச்சையும் சரியாகப் படாது. குறை காற்றிலேயே இருக்கும்போது நூலை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பது வீண்வேலை. காற்று வரும் திசையில் மரமில்லாத வெளிதான் முதல் தேவை.

தட்டையான பட்டம் ஒன்றுக்குப் பொதுவாக மேலே இரண்டு, கீழே ஒன்று என மூன்று நூல்கள் கட்டப்படும். மூன்றும் கூடும் முடிச்சில் ஏற்றும் நூல் இணைகிறது. அந்த முடிச்சு தலைப்பக்கம் நகர்ந்தால் பட்டம் காற்றுக்குப் படிந்து கிடக்கும்: இழுவை குறையும், உயரம் கூடும். வால்பக்கம் நகர்ந்தால் பட்டம் நிமிர்ந்து காற்றை மார்பில் வாங்கும்: இழுவை கூடும், ஏற்றம் குறையும். இரண்டும் அளவு மீறினால் கெடுதல்தான். முடிச்சு மிக மேலே போனால் பட்டம் படபடத்து, தலைகுப்புறக் கவிழும். மிகக் கீழே போனால் நூலை இழுத்துக்கொண்டு தாழ்விலேயே நிற்கும், அல்லது சுழன்று சுழன்று விழும். கடுங்காற்றில் முடிச்சைச் சற்று மேலேற்றுவதும் மெல்லிய காற்றில் சற்றுக் கீழிறக்குவதும் வழக்கம்.

இந்த மாற்றங்கள் எல்லாம் விரலகலத்துக்குள் அடங்குபவை. ஒரு விரல் நகர்த்தி, ஏற்றிப் பார்த்து, பிறகே அடுத்த விரல். ஒரே தடவையில் முச்சையையும் வாலையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமற் போய்விடும். அதனால் முடிச்சை இறுக்கிக் கட்டாமல், நகர்த்தக்கூடிய சுருக்காகவே போட வேண்டும். சரியான இடம் தெரிந்ததும் அங்கே மையால் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முடிச்சைப் பிடித்துப் பட்டத்தைக் கிடையாகத் தொங்கவிட்டால் தலை சற்று உயர்ந்தும் வால்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் சலாகையின் கனத்தையே முதலில் பார்க்க வேண்டும், நூலையல்ல. எடை சமமாக இருந்தும் வானில் பட்டம் வலப்பக்கமே இழுத்தால் இடப்பக்க மேல்நூலைக் கொஞ்சம் குறுக்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்க நூலை. இடம், வலம் என்பவை கீழிருந்து பார்ப்பவருக்கு உரியவை.

வாலைப் பற்றிப் பலரிடம் ஒரு தப்பெண்ணம் உண்டு. பட்டம் ஆட்டம் போட்டால் உடனே இன்னொரு முழம் துணி கட்டுகிறார்கள். வால் பின்னிழுவையைக் கூட்டி ஆட்டத்தை அடக்கும் என்பது உண்மைதான்; ஆனால் பிழையான முச்சையை அது மறைக்குமே தவிரத் திருத்தாது. கூடிய எடையால் மெல்லிய காற்றில் பட்டம் ஏறாமலும் போகும்.

கொக்குப் பட்டம் போன்றவற்றில் விண் பூட்டுவதுண்டு. வில்லாக வளைத்த சலாகையில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து நீண்ட ரீங்காரம் எழுப்பும். விண்ணால் தலைப்பக்கத்தில் எடையும் காற்றெதிர்ப்பும் கூடுவதால், அதைப் பூட்டிய பின் முச்சையைப் புதிதாகவே சரிபார்க்க வேண்டும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைப் போட்டியில் ஏறும் பெரும் பட்டங்களில் முச்சை மூன்று நூலோடு நிற்பதில்லை. உடலின் பல புள்ளிகளிலிருந்து நூல்கள் வந்து கூடும். ஒவ்வொன்றும் தன் பங்குச் சுமையைத் தாங்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் சட்டம் அந்த இடத்தில் வளைந்து உருவம் கெடும்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஹட்சிக்கி சகோதரர்கள் உருவாக்கிய நான்கு நூல் பட்டத்தில், முச்சை முடிவு செய்யும் இந்தச் சாய்வு ஏற்றுபவரின் கைக்கே வந்துவிட்டது. இரு கையிலும் ஒவ்வொரு பிடி. பிடியின் மேல்முனையிலிருந்து பட்டத்தின் மேற்பகுதிக்கும் கீழ்முனையிலிருந்து கீழ்ப்பகுதிக்கும் நூல்கள் செல்லும். பிடியைச் சாய்க்கச் சாய்க்கப் பட்டம் முன்னேறும், நடுவானில் நிற்கும், பின்னோக்கியும் வரும். பிடியோடு கட்டிய குட்டைக் கயிறுகளில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். நூலின் வளையத்தை எந்த முடிச்சில் சுருக்காக மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து நீளம் மாறும். பட்டம் நில்லாமல் முன்னோக்கியே பாய்ந்தால் மேற்கயிற்றை ஒரு முடிச்சு நீட்ட வேண்டும். மேலேற மறுத்தால் ஒரு முடிச்சு குறுக்க வேண்டும். எதைச் செய்தாலும் இரண்டு கையிலும் ஒரே அளவு செய்ய வேண்டும். இல்லையேல் பட்டம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

நான்கு நூல்களும் சம நீளமா என்று பார்க்க, ஒருபக்க முனைகளை நிலத்தில் அறைந்த முளையில் மாட்டி மறுமுனைகளை ஒன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். புது நூல் இழுபட்டு நீளும். அதுவும் அதிகச் சுமை ஏற்கும் மேல்நூல்களே கூடுதலாக நீளும். ஆகவே முதல் சில தடவை ஏற்றிய பின்னரும், பருவத் தொடக்கத்தில் நூலை வெளியே எடுக்கும்போதும் இந்த அளவெடுப்பைத் திரும்பச் செய்ய வேண்டும்.