'கன்டெம்பரரி' என்றால் இன்றையதா, அன்றையதா?

துணிக்கடை விளம்பரத்தில் 'கன்டெம்பரரி டிசைன்', டிவி நிகழ்ச்சியில் 'கன்டெம்பரரி டான்ஸ்'. கேட்டுக் கேட்டு, இந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'இன்றைய' என்பதுதான் அர்த்தம் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால், அது பாதிதான் சரி!

லத்தீனில் 'கான்' என்றால் உடன். 'டெம்பஸ்' என்றால் காலம். ஆக, 'ஒரே காலத்தைச் சேர்ந்த' என்பதே இதன் அடிப்படைப் பொருள். வ.உ.சி.யை (1872-1936) பாரதியாரின் (1882-1921) 'கன்டெம்பரரி' என்று சொல்வது இதனால்தான். யாருடைய காலம் என்று குறிப்பிடாதபோது மட்டுமே, அது நம்முடைய காலத்தைக் குறிக்கிறது.

இதைக் கவனிக்காவிட்டால் வரலாறே தலைகீழாகிவிடும். 1943 வங்காளப் பஞ்சத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தில் 'கன்டெம்பரரி நியூஸ்பேப்பர்ஸ்' என்று இருந்தால், பெரும்பாலும் அவை பஞ்சம் நடந்த காலத்திலேயே வெளிவந்த நாளிதழ்கள். அதை 'இன்றைய நாளிதழ்கள்' என்று மொழிபெயர்த்தால், பட்டினியை நேரில் பார்த்து எழுதியவரின் சாட்சியம், 80 ஆண்டுகள் கழித்து யாரோ சொன்ன கருத்தாகிவிடும்.

தமிழில் 'சமகால' என்ற சொல்லுக்கும் இதே இரட்டை அர்த்தம் உண்டு. அதனால், குழப்பம் வரும் இடங்களில் 'அக்கால', 'இக்கால' என்று பிரித்தே எழுதிவிடலாம்.

கூடவே இன்னொன்று... ஒலியில் நெருங்கிவரும் 'டெம்பரரி'யும் அதே 'டெம்பஸ்' குடும்பம்தான். ஆனால், அதற்கு அர்த்தம் 'தற்காலிகமான'. பரீட்சையிலோ, இன்டர்வியூவிலோ இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தமுறை 'கன்டெம்பரரி' கண்ணில் பட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'யாருடைய காலம்?'