பூனா என்றோர் இறப்பர்

நமது தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம் சில காலத்துக்கு முன் ஒழுகத் தொடங்கிற்று. எண்ணெய்க் குழாயின் பொருத்தில் இருந்த இறப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. கையிற் கிடைத்த சாதாரண வளையமொன்றைப் போட்டு முடுக்கினோம். ஒரு வாரம் செல்லுமுன் அது எண்ணெயைக் குடித்து ஊதி, பிசைந்த மாவைப் போல் இளகிப் போயிற்று. அதனை எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் விரலால் ஒருமுறை நசுக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதற்குப் பூனா-என் அல்லவா போடவேண்டும்!” என்றார்.

பூனா என்றதும் நமது நினைவுக்கு வந்தது மராட்டிய நாட்டு நகரந்தான். ஆயின், அந்நகருக்கும் இவ்வளையத்துக்கும் யாதொரு உறவும் இல்லை. இரண்டு ஜேர்மன் சொற்களின் தலையைக் கிள்ளி ஒட்டிய சொல் இது. பியூற்றாடையீன் என்னும் வாயுவை ஜேர்மனியர் ‘பூட்டாடியேன்’ என்பர். சோடியத்தை ‘நாத்திரியம்’ என்பர். அவ்வாயுவின் நுண்ணிய மூலக்கூறுகளைச் சோடியத்தின் துணைகொண்டு நீண்ட சங்கிலியாகக் கோத்தால், மரத்துப் பாலின்றியே இறப்பர் போல் இழுபடும் பொருளொன்று கிடைக்கிறது. பூவும் நாவும் சேர்ந்து பூனா ஆயின.

வேடிக்கை என்னவெனில், சோடியத்தின் தேவை விரைவிலேயே அற்றுப்போயிற்று. 1929ஆம் ஆண்டில் ஐ. ஜி. ஃபார்பன் என்னும் ஜேர்மன் நிறுவனத்தின் இரசாயனிகள் பியூற்றாடையீனோடு ஸ்டைரீன் என்ற திரவத்தைச் சேர்த்து, சவர்க்கார நீரிற் பால் போலக் கலக்கி, புதியதோர் இறப்பரை ஆக்கினர். இதற்குச் சோடியம் வேண்டியதில்லை. ஆயினும் பழைய பெயரை விடாமல் ‘பூனா-எஸ்’ என்றனர். ஸ்டைரீனுக்குப் பதிலாக அக்கிரிலோநைத்திரைல் சேர்ந்தது ‘பூனா-என்’. இந்த ‘என்’ நைத்திரைலைக் குறிப்பது; நாத்திரியத்தை அன்று.

எழுத்தொன்றுதான் வேறுபாடு; குணமோ பெரிதும் வேறு. மரத்து இறப்பரும் மண்ணெண்ணெயும் காபனும் ஐதரசனும் சேர்ந்த ஒரே குலத்தவை. இனம் இனத்தோடு சேரும் என்பார்களே, அதுபோல எண்ணெய் இறப்பருக்குள் எளிதிற் புகுந்து அதனை ஊதச் செய்கிறது. பூனா-எஸ்ஸுக்கும் அதே கதிதான். பூனா-என்னில் உள்ள நைத்திரைல் கூட்டங்களோ எண்ணெயோடு உறவு கொண்டாடுவதில்லை. வைத்தியசாலைகளிற் காணும் நீலக் கையுறைகளும் பெரும்பாலும் இவ்வினத்தவையே. மரத்துப் பாலிலுள்ள புரதங்கள் ஒவ்வாத தேகத்தினருக்கு அவை நல்ல துணை.

இச்சொல்லை வேறொரு பொருளில் உச்சரித்தவர்களும் இருந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, போலந்து நாட்டின் அவுஷ்விட்ஸ் அருகே, மோனோவிட்ஸ் என்னுமிடத்தில் ஐ. ஜி. ஃபார்பன் ஒரு பெரும் பூனாத் தொழிற்சாலையை எழுப்ப முற்பட்டது. அதற்குக் கூலியின்றி உழைக்கவென 1942 ஒக்டோபரில் அங்கே கைதிகள் முகாமொன்று திறக்கப்பட்டது. யூதர்களே அவர்களுட் பெரும்பான்மையினர். அவர்கள் அம்முகாமையே ‘பூனா’ என்று அழைத்தனர். பல்லாயிரவர் பசியாலும் குளிராலும் அடியாலும் மாண்டனர். உழைக்க வலுவற்றவர்கள் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டனர். பிரிமோ லேவி என்ற இத்தாலிய இரசாயனியார் 1944இல் அங்கே கைதியாக இருந்து, உயிர் மீண்டு, 1947இல் அதனை நூலாக எழுதினார். 1945 ஜனவரியில் முகாம் விடுவிக்கப்படும் வரை அத்தொழிற்சாலையிலிருந்து ஒரு இறாத்தல் செயற்கை இறப்பர்தானும் வெளிவரவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் அவ்விறப்பர் வேறு பெயரோடு பெருகியது. 1942இல் மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கையிற் சிக்கவே, நேச நாடுகளுக்கு மரத்து இறப்பர் அரிதாயிற்று. அமெரிக்க அரசாங்கம் பூனா-எஸ்ஸை ஒத்ததோர் இறப்பரைத் தன் செலவிலேயே செய்வித்து, ‘அரசாங்க இறப்பர்-ஸ்டைரீன்’ என்று பொருள்படும் ‘ஜீ.ஆர்-எஸ்’ எனப் பெயரிட்டது. 1941இல் ஆண்டு முழுவதற்கும் 231 தொன்னாக இருந்த பொது உபயோகச் செயற்கை இறப்பர் உற்பத்தி, 1945இல் மாதமொன்றுக்கு 70,000 தொன்னாயிற்று.

இலங்கையும் அக்காலத்தில் நேச நாடுகளின் பிரதான இறப்பர்க் களஞ்சியமாயிற்று. நமது மரங்கள் மிதமிஞ்சி வெட்டப்பட்டன. பட்டை ஆறாமலே மீண்டும் கத்தி பட்டு வீணானவை பல. யுத்தம் முடிந்ததும் செயற்கை இறப்பர் சந்தையிற் போட்டிக்கு வந்து நின்றது. இறப்பர் விலை சரிந்து, அரிசிக்கும் தட்டுப்பாடு நேர்ந்த 1952இல், சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

எனினும், மரத்தைச் செயற்கை வென்றுவிடவில்லை. மோட்டார்க் கார் டயர்களிற் செயற்கை இறப்பருக்குப் பெரும் பங்குண்டு. பாரமான லொறிகளின் டயர்களும் ஆகாய விமான டயர்களும் ஓட்டத்தில் மிகையாகச் சூடேறாதிருக்க மரத்துப் பாலையே பெரிதும் நாடுகின்றன. ஆகவேதான் கேகாலையிலும் களுத்துறையிலும் இன்றும் விடியுமுன் சிரட்டைகளில் பால் சொட்டுகிறது.

அரசாங்கம் தொழிற்சாலைகளைத் தனியாருக்கு விற்றபின் ‘ஜீ.ஆர்-எஸ்’ என்ற பெயர் வழக்கொழிந்து ‘எஸ்.பி.ஆர்.’ ஆயிற்று. பூனா-என் ‘என்.பி.ஆர்.’ ஆயிற்று. நாம் வாங்கிவந்த வளையத்தின் உறையிலும் அவ்வெழுத்துகளே இருந்தன. இயந்திரம் இப்போது ஒழுகவில்லை. கடைக்காரர் மாத்திரம் அதனைப் பூனா என்றே சொல்லி விற்கிறார்.