சிறுநீரில் ஒருநாள் தோன்றி மறையும் இரத்தம்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் மூணாறிலும் நம் வாடிக்கையாளர்களுள் நாட்கூலிக்கு உழைப்போர் பலர். சிறுநீர் ஒருநாள் சிவந்து மறுநாள் தெளிந்துவிட்டால், உடற்சூடு என்று கருதி இளநீரோடு விட்டுவிடுகிறோம். வலியின்றி வந்து தானே நிற்கும் இந்த இரத்தம்தான் நம்மை ஏமாற்றுவது. கல்லோ நோய்த்தொற்றோ காரணமாகலாம்; சிறுநீரகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் முதற்படி. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கட்டி தற்செயலாகத் தென்படுவதும் இன்று மிகுதி. வெறும் நீர்க்கட்டி எனில் பெரும்பாலும் அச்சமில்லை. திண்மையான கட்டியாயின், கிரியாட்டினின் அளவைப் பார்த்தபின், இரத்தக்குழாய் வழியே மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுப்பர். கட்டி அம்மருந்தை ஏற்றுப் படத்தில் ஒளிர்ந்தால் ஐயம் வலுக்கும். ஊசியால் தசையெடுத்துச் சோதிப்பது இந்நோயில் எப்போதும் தேவைப்படுவதில்லை. படம் தெளிவாயின் நேரே அறுவை சிகிச்சை, அகற்றிய கட்டியை நுண்ணோக்கியில் ஆய்ந்தபின் இறுதி முடிவு. சிறுநீரகத்துக்குள் அடங்கிய, 7 செ.மீ.க்கு மேற்படாத கட்டி, வேறெங்கும் பரவாதிருந்தால், முதல் நிலை. மிகச் சிறியதாயின் சிறுநீரகத்தையே காத்துக்கொள்ளவும் இயலும்.

மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கித் தேனிக்கோ, மறுபுறம் கோட்டயத்துக்கோ செல்ல ஒருநாள் கூலி போகும்தான். மாநிலம் கடந்து மருத்துவரைக் காண்போர் பழைய படங்களைக் கையோடு கொண்டுசெல்லட்டும். இல்லையேல் அதே செலவு மீண்டும் நேரலாம். மருத்துவக் காப்பீடுகள் பல உள்நோயாளிச் செலவையே ஏற்கின்றன. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு என்ன விதி என்று பத்திரத்தை இன்றே எடுத்துப் பார்ப்போம்.